பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன்னே



2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்த ஒரு காரியத்தை முதலாவது சொல்லுகிறோம். கணவரை இழந்த ஒரு அம்மையார் தம் வீட்டுக் கார் கொட்டகையைச் சுத்தம் செய்தார். அங்கே கிடந்த பழைய மின்சாதனங்களைப் பெட்டிகளில் அடைத்து, அவ்விதப் பொருட்களை வாங்கிப் பிரித்தெடுக்கும் ஒரு நிறுவனத்தில் இறக்கிவிட்டுப் போனார். ரசீது வேண்டாம் என்றார். பெயரும் விலாசமும் கொடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்துப் பெட்டிகளைத் திறந்த ஊழியர்கள் உள்ளே ஒரு ஆப்பிள்-1 இருக்கக் கண்டார்கள். 1976இல் ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வாஸ்னியாக் இருவரும் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கம்ப்யூட்டர் அது. மொத்தமே சுமார் 200தான் செய்யப்பட்டன. சேகரிப்பாளர் ஒருவர் அதை 2,00,000 டாலருக்கு வாங்கினார். விற்ற தொகையில் பாதியைப் பொருளுக்குரியவருக்குக் கொடுப்பது அந்த நிறுவனத்தின் வழக்கமாம். ஆகவே அம்மையாரைத் தேடிச் செய்தித்தாள்கள் மூலமாய் அறிவிப்புக் கொடுத்தார்கள்.

நம் வீட்டுப் பரணில் ஆப்பிள்-1 இருக்கும் என்று யாரும் கனவு காண வேண்டாம். ஆனாலும், "அப்பா உபயோகித்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடக்கிறது, விற்று அந்தப் பணத்தை நல்ல காரியத்துக்கு அனுப்பலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாய் அனுப்பலாம். ஆனால் இரண்டு விதத்தில் அது பாழாய்ப் போகிறது. ஒன்று, இன்னதென்று தெரியாமல் காயலான் கடையில் எடைக்குப் போடுவது. மற்றது, "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று இருபது வருஷம் தூங்கிய இயந்திரத்தின் பிளக்கை எடுத்தவுடனே மாட்டி ஸ்விட்சைப் போடுவது. இரண்டாவதில் பணம் மாத்திரமல்ல, கையும் சுடலாம். எனவே எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைச் சற்று விவரமாய் எழுதுகிறோம்.

எல்லா இயந்திரங்களையும் பற்றி எழுத இந்தப் பக்கம் போதாது. ஆகையால் பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டரை உதாரணமாய் எடுத்துக்கொள்வோம். 1981 டிசம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்தது. பொதுஜனங்களுக்குக் கம்ப்யூட்டர் அறிவைப் புகட்ட பிபிசி ஒலிபரப்பு நிறுவனம் தொடங்கிய கல்வித் திட்டத்துக்காக, கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏகார்ன் கம்பெனி இதைச் செய்தது. 15 லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. நமக்கும் இது அந்நியமல்ல. 1984இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டத்தின்கீழ் இந்தியப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த இயந்திரம் இதுவே. அந்நாட்களில் படித்தவர்களும் கற்பித்தவர்களும் அதன் செம்மஞ்சள் நிறச் சாவிகளை மறந்திருக்க மாட்டார்கள். (பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் கிடப்பது பள்ளியின் சொத்து. நிர்வாகத்தின் எழுத்துமூலமான அனுமதியில்லாமல் அதை யாரும் விற்கக்கூடாது. வருஷக்கணக்காய் யாரும் தொடவில்லை என்பது அனுமதி ஆகாது.)

இது என்ன இயந்திரம்?

மின்சாரம் தேவையில்லாத வேலையை முதலில் முடித்துவிடுங்கள். பெட்டியை நல்ல வெளிச்சத்தில் வைத்து மேலும் கீழும் பாருங்கள். பிபிசி மைக்ரோ என்றால் விசைப்பலகைக்கு மேலே கறுப்புப் பட்டையில் புள்ளிகளால் ஆன ஒரு ஆந்தைச் சின்னம் இருக்கும். விசைப்பலகை பெட்டியோடு சேர்ந்தே இருக்கும். அதன் மேல்வரிசையில் பத்துச் செம்மஞ்சள் சாவிகள். வலது பக்கத்தில் எண்களுக்கென்று தனிச் சாவிக்கட்டு இருந்தால் அது 1986இல் வந்த மாஸ்டர் 128 வகை.

ஆரம்ப வகையில் ஏ என்றும் பி என்றும் இரண்டு மாடல்கள். ஏ மாடலில் 16 கிலோபைட் நினைவகம், பி மாடலில் 32. முதலில் அறிவித்த விலை 235 பவுனும் 335 பவுனும்; சீக்கிரத்திலேயே 299 ஆகவும் 399 ஆகவும் உயர்ந்தது. எந்த மாடல் என்று அடிப்பக்கத்துச் சீட்டில் எழுதியிருக்கும். ஆனால் சீட்டை மட்டும் நம்பி விற்கப் போகாதிருங்கள். ஏ மாடலை மலிவாய் வாங்கி, பின்னர் நினைவகச் சில்லுகளைச் சேர்த்து பி மாடலாக மாற்றிக்கொண்டவர்கள் அந்நாட்களில் ஏராளம். சீட்டு ஏ என்று சொல்லும், உள்ளே பி இருக்கும். திருத்தப்படாத ஏ மாடல் இன்றைக்கு அபூர்வமாகவே அகப்படுகிறது. ஆகவே வாங்குகிறவர் இதைக் கட்டாயம் கேட்பார்.

மூடியைத் திறக்க, பின்பக்கத்தில் இரண்டும் அடிப்பக்கத்தில் இரண்டுமாக நான்கு திருகுகள் உண்டு. அவற்றின் அருகே 'ஃபிக்ஸ்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிய பின்பே இதைச் செய்யுங்கள். உள்ளே இடது பக்கத்தில் தகரப் பெட்டிக்குள் மூடியிருப்பது மின்வழங்கி. அதைத் திறக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்லுகிறோம். பெரிய பச்சைப் பலகையில் 'இஷ்யூ' என்ற சொல்லுக்கு அடுத்து ஒரு எண் அச்சிட்டிருக்கும். பலகை எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்று காட்டும் எண் அது. குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏதேனும் தனிப் பலகையோ, கையால் பற்றவைத்த கம்பிகளோ தென்பட்டால் பிடுங்கிவிடாதேயுங்கள். பழைய சொந்தக்காரர் சேர்த்த அந்தப் பலகைக்காகவே வாங்குகிறவர்களும் உண்டு. நாலைந்து போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

மற்ற கம்பெனி இயந்திரங்களிலும் பெயர்ப்பலகையைவிட எண்தான் முக்கியம். ஐபிஎம் கம்பெனியின் முதல் பர்சனல் கம்ப்யூட்டர் 1981 ஆகஸ்டில் வந்தது. அதன் எண் 5150. 1983இல் வந்த எக்ஸ்டி வகையின் எண் 5160. வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போலிருக்கும். பின்பக்கத்தில் கார்டு செருகும் இடங்களை எண்ணுங்கள்: ஐந்து இருந்தால் 5150, எட்டு இருந்தால் 5160.

ஸ்விட்சைத் தொடும் முன்

இனிச் சொல்லுவது இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி. அவசரப்படாமல் வாசியுங்கள்.

முதலாவது பேட்டரி. பிபிசி பி மாடலில் பேட்டரி கிடையாது. ஆனால் மாஸ்டரில் உண்டு. 1980களின் கடைசியிலும் 1990களிலும் வந்த 386, 486 வகைக் கம்ப்யூட்டர்களின் பலகையில் பீப்பாய் வடிவத்தில் சிறிய ரீசார்ஜ் பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆப்பிள் மெக்கின்டாஷ் இயந்திரங்களில் கட்டைவிரல் பருமனில் லித்தியம் பேட்டரி இருக்கும். இவையெல்லாம் வயதாக ஆக ஒழுகுகிறவை. ஒழுகிய திரவம் பலகையிலிருக்கும் செம்புக் கோடுகளை அரித்துவிடும். இன்றைக்கு நன்றாயிருக்கும் இயந்திரமும் அடுத்த மழைக்காலத்துக்குள் பாழாகலாம். விற்கிறீர்களோ இல்லையோ, பேட்டரியை இன்றே எடுத்துவிடுங்கள். பற்றவைத்திருந்தால் ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை.

இரண்டாவது மின்வழங்கி. பிபிசி மைக்ரோவின் மின்வழங்கிக்குள், வீட்டு மின்சாரம் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்ட இரண்டு கெப்பாசிட்டர்கள் உண்டு. நம்மூர் மெக்கானிக்குகள் கண்டென்சர் என்பார்கள். ரிஃபா என்ற பெயருள்ள அவை தேன் நிறத்தில் ஊடுருவிப் பார்க்கக்கூடிய பிசின் உறைக்குள் இருக்கும். உள்ளேயிருப்பது உலோகம் பூசிய காகிதம். முப்பது நாற்பது வருஷத்தில் பிசின் உறையில் மயிரிழை போல வெடிப்பு விழுகிறது. அந்த வழியாய்க் காற்றின் ஈரம் காகிதத்துக்குள் இறங்குகிறது. பிறகு ஒருநாள் 230 வோல்ட் பாய்ந்தவுடன் சூடேறி, சில நிமிஷங்களில் படார் என்று வெடித்து, அறை முழுவதும் மூச்சுமுட்டும் புகை. கம்ப்யூட்டர் பழுதானதால் வெடிக்கிறதென்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கம்ப்யூட்டர் நல்லபடியாகவே ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இது நடக்கிறது. பயந்துபோய்க் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்த இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றினால் போதும்; விலையும் சொற்பம்.

ஆகவே எங்கள் ஆலோசனை: போட்டுப் பார்த்துவிட்டு மாற்றாதீர்கள், மாற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஆனால் நீங்களே மின்வழங்கியைத் திறக்க வேண்டாம் என்று சொன்னோமே, அதன் காரணம் இதுதான். உள்ளே வரும் மின்சாரம் நேர்மின்சாரமாக மாறும்போது 320 வோல்ட்டுக்கு மேல் போகிறது. அதைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர், பிளக்கைக் கழற்றிய பின்பும் சிறிது நேரம் அந்தச் சக்தியைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். டிவி மெக்கானிக்குகளுக்கு இது பழக்கமான வேலை. அவர்களிடம் விடுங்கள். அவர்களிடமே சீரிஸ் பல்ப் போர்டும் இருக்கும். முதல் தடவை அந்தப் பல்ப் வழியாக மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டேயிருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறதென்று அர்த்தம். கம்ப்யூட்டருக்குச் சேதமில்லாமல் தெரிந்துவிடும்.

படக்குழாய் உள்ள பழைய மானிட்டரின் பின்மூடியைத் திறக்கவே கூடாது. அதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டு.

இந்த இடத்தில் காமடோர் 64 என்ற இயந்திரத்தையும் சொல்லியாக வேண்டும். 1982இல் வந்தது, உலகமெங்கும் வெகுவாய் விற்றது. அதன் மின்வழங்கி தனியாக, கறுப்புச் செங்கல் போல இருக்கும். வயதானபின் அது பழுதாகும் விதம் விசேஷமானது. சாதாரணமாய் ஒரு மின்வழங்கி கெட்டால் மின்சாரம் வராமல் நின்றுபோகும். இதிலோ 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் அதைவிட அதிகமாய் வந்து, கம்ப்யூட்டரின் சில்லுகளைக் கொன்றுவிடும். எனவே கம்ப்யூட்டரில் செருகாமல், செங்கலை மட்டும் சுவரில் மாட்டி மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 5.25 வோல்ட்டைத் தாண்டினால் அதை உபயோகிக்க வேண்டாம். குறைவாய்க் காட்டினாலும் பூரணமாய் நம்புவதற்கில்லை, ஏனென்றால் சூடேறிய பின் உயரக்கூடும். புதிதாய்ச் செய்த மின்வழங்கிகள் கிடைக்கின்றன. அதில் சோதிப்பதே உத்தமம்.

போட்டுப் பார்த்தல்

இப்போது பிபிசி மைக்ரோவுக்குத் திரும்புவோம். பின்பக்கத்தில் வட்டமான பிஎன்சி சாக்கெட் ஒன்று இருக்கும். அதிலிருந்து டிவியின் மஞ்சள் நிற ஏவி சாக்கெட்டுக்கு ஒரு ஒயர் கொடுத்தால் படம் வரும். சாதாரணமாய் இந்த வழியில் கறுப்பு வெள்ளைதான். நிறம் வரவில்லையே என்று கோளாறு எழுதிவிட வேண்டாம். ஸ்விட்சைப் போட்டதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த இயந்திரம் தன் நலத்தை முதலில் சத்தத்தால் தெரிவிக்கிறது. தாழ்ந்த குரலில் ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து உயர்ந்த குரலில் 'பீப்' என்று ஒரு சிறு சத்தம். இரண்டும் கேட்டால் பாதிச் சோதனை முடிந்தது. தாழ்ந்த சத்தம் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் வேறு விஷயம். ஒலிச் சில்லு மின்சாரம் கிடைத்தவுடன் தானாகவே சத்தமிடத் தொடங்குகிறது. 6502 என்ற மூளைச் சில்லு விழித்தெழுந்துதான் அதை அடக்க வேண்டும். அடங்கவில்லையென்றால் மூளை வேலை தொடங்கவில்லை என்று பொருள்.

திரையின் மேலே 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று வரும். ஏ மாடலானால் 16கே. 1985இல் வந்த பி பிளஸ் வகையானால் ஏகார்ன் பெயரோடு 64கே. அடுத்து டிஸ்க் வசதி இருந்தால் அதன் பெயர், பிறகு 'பேசிக்' என்ற சொல், அதன்கீழ் ஈட்டிமுனை போன்ற ஒரு குறி. இவ்வளவும் வந்தால் சந்தோஷப்படலாம். பேசிக் என்பதற்குப் பதிலாக 'லாங்குவேஜ்?' என்று கேள்விக்குறியோடு வந்தால் பயப்பட வேண்டாம். பேசிக் மொழி எழுதப்பட்ட சில்லு சாக்கெட்டில் சரியாய் உட்காரவில்லை என்பதே அநேகமாய்க் காரணம். மின்சாரத்தை நிறுத்தி, உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டு, விசைப்பலகையின் அடியில் வலது மூலையிலிருக்கும் நீளச் சில்லுகளைப் பெருவிரலால் மெதுவாய் அழுத்தி மறுபடி போட்டுப் பாருங்கள். பி மாடல் 16கே என்று காட்டினால் நினைவகத்தில் கோளாறு இருக்கலாம்.

இனி இயந்திரத்தையே பேசவைக்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ரிப்போர்ட்' என்று தட்டி ரிட்டர்ன் சாவியை அழுத்துங்கள். ஏகார்ன் பெயரோடு 1981 என்று வந்தால் உள்ளேயிருப்பது முதலாம் பேசிக். 1982 என்று வந்தால் இரண்டாம் பேசிக். நட்சத்திரக் குறி போட்டு 'எஃப்எக்ஸ் 0' என்று தட்டினால் இயக்க மென்பொருளின் பதிப்பு வரும். பெரும்பாலான இயந்திரங்களில் 1.20 என்றிருக்கும். நட்சத்திரக் குறியோடு 'ஹெல்ப்' என்று தட்டினால் உள்ளே செருகியிருக்கும் சில்லுகள் தங்கள் பெயர்களைச் சொல்லும். அந்தத் திரையை அப்படியே போட்டோ எடுங்கள். வாங்குகிறவருக்கு நாம் பத்து வரி எழுதுவதைவிட இந்தப் படமே அதிகம் சொல்லும்.

'மோட் 0' என்று தட்டி ரிட்டர்ன், பிறகு 1, 2 என்று 7 வரைக்கும் மாற்றிப் பாருங்கள். ஏ மாடலில் 0 முதல் 3 வரை வராது. அது நினைவகம் போதாமையால், பழுதல்ல. 7இல் மட்டும் எழுத்துக்கள் சிதறி, மற்றவற்றில் சரியாயிருந்தால், 7ஆம் முறைக்கென்றே இருக்கும் தனி எழுத்துச் சில்லைச் சந்தேகிக்க வேண்டும். அதையும் முதலில் அழுத்திப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு சாவியாகத் தட்டிப் பாருங்கள், ஒன்றையும் விடாமல். வேலை செய்யாத சாவியை முப்பது நாற்பது தடவை வேகமாய் அழுத்தினால் உள்ளேயிருக்கும் அழுக்கு விலகி உயிர் பெறுவது உண்டு.

ஐபிஎம் வகையில் இயந்திரமே எண்களால் குறை சொல்லும். 201 என்றால் நினைவகம், 301 விசைப்பலகை, 601 ஃபிளாப்பி, 1701 ஹார்ட் டிஸ்க்.

ஐந்து நிமிஷம் ஓடியதும் 'நன்றாயிருக்கிறது' என்று முடிவு கட்டிவிடாதேயுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஓடட்டும். சூடானபின் மட்டும் தலைகாட்டும் கோளாறுகள் உண்டு. ஆனால் போட்டுவிட்டு வெளியே போகக் கூடாது. ஒருவர் பக்கத்திலிருக்க வேண்டும்.

ஃபிளாப்பிகளில் இருப்பது யாருடையது?

கம்ப்யூட்டரோடு ஒரு டப்பா நிறைய ஃபிளாப்பி இருக்கும். இதில்தான் நல்லவர்களும் கவனக்குறைவாய் இருந்துவிடுகிறார்கள். அப்பா வைத்தியராயிருந்தால் நோயாளிகளின் பெயரும் வியாதியும், ஆசிரியராயிருந்தால் பிள்ளைகளின் மதிப்பெண், சபைப் பொருளாளராயிருந்தால் குடும்பங்களின் விலாசமும் அவர்கள் கொடுத்த காணிக்கையும் அதில் இருக்கலாம். அந்தக் காந்தத் தட்டு நாற்பது வருஷம் கழித்தும் வாசிக்கத்தக்கதாய் இருப்பது உண்டு. 'டெலீட்' கொடுத்தால் போய்விடும் என்பது சரியல்ல. பிபிசியில் அது அட்டவணையிலிருந்து பெயரை மட்டுமே எடுக்கிறது. எழுத்துக்கள் அப்படியே இருக்கும். முழுத் தட்டையும் மறுபடி ஃபார்மட் செய்ய வேண்டும், அல்லது ஃபிளாப்பியைக் கத்தரித்துவிட வேண்டும். ஹார்ட் டிஸ்க் உள்ள இயந்திரமானால் விஷயம் அறிந்த ஒருவரை வைத்து முழுவதும் அழித்த பின்பே கொடுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கத்தரிக்கவும் வேண்டாம். கம்பெனி அச்சிட்ட சீட்டுள்ள ஃபிளாப்பிகளும், கேசட்டுகளும், கையேடுகளும் விலை பெறுகிறவை. திறந்த பகுதியில் வெள்ளைப் பூஞ்சைப் புள்ளிகள் தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். டிரைவின் தலையும் அழுக்காகி அடுத்த ஃபிளாப்பியையும் கீறிவிடும்.

விலையும் விவரமும்

விலையைத் தெரிந்துகொள்ள, இணையத்தில் விற்கிறவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள்; கேட்க யாராலும் முடியும். விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள், அதுவும் அதே மாடல், அதே நிலை.

"சோதிக்கப்படவில்லை" என்று எழுதி விற்பது இந்த வியாபாரத்தில் சாதாரணம். போட்டுப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று தெரிந்த பின்பும் அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. தர்மத்துக்காக விற்கப்படும் பொருளில் இது வேண்டவே வேண்டாம். மேலே சொன்னபடி செய்தவருக்கு அதற்கு அவசியமும் இல்லை. இப்படி எழுதலாம்: "பிபிசி மைக்ரோ பி மாடல், 32கே, இயக்க மென்பொருள் 1.20, இரண்டாம் பேசிக். மின்வழங்கியில் கெப்பாசிட்டர்கள் மாற்றப்பட்டன. ஒரு மணி நேரம் ஓடியது. ஒரு சாவி சில வேளை வேலை செய்வதில்லை. மூடி மஞ்சளித்திருக்கிறது. டிஸ்க் டிரைவ் இருக்கிறது, நல்ல ஃபிளாப்பி இல்லாததால் சோதிக்கவில்லை." இதை வாசிக்கிறவர் குறைகளைக் கண்டு ஓடிவிடுவார் என்று பயப்பட வேண்டாம். சேகரிப்பாளர்கள் பழுதான இயந்திரத்தையும் வாங்குகிறார்கள். எது பழுது என்று தெரிந்தால் போதும் அவர்களுக்கு. மஞ்சள் நிறத்தைப் போக்க ரசாயனம் பூசுவதையும் வாங்குகிறவருக்கே விட்டுவிடுங்கள். ஈரத்துணியால் தூசியைத் துடைத்தால் போதுமானது.

அனுப்பும்போது பேட்டரிகள் எடுக்கப்பட்டனவா, மூடியின் நான்கு திருகுகளும் இறுக்கமாயிருக்கின்றனவா என்று பார்த்து, எல்லாப் பக்கமும் நாலு விரல்கடை மெத்தை வைத்துக் கட்டுங்கள். படக்குழாய் மானிட்டரைப் பார்சலில் அனுப்ப வேண்டாம். வாங்குகிறவர் நேரில் வந்து எடுத்துக்கொள்ளட்டும். வழியில் குலுங்கிச் சில்லுகள் சாக்கெட்டிலிருந்து எழும்பிவிடுவதுண்டு. ஆகையால் ஒரு தாளில், கெப்பாசிட்டர் மாற்றிய தேதி, கடைசியாய் ஓடவிட்ட தேதி, "போடும் முன் சில்லுகளை அழுத்திப் பார்க்கவும்" என்ற ஒரு வரி ஆகியவற்றை எழுதி, பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும்படி மேலே வைத்துவிடுங்கள்.